தரகுக் கூலி வீண் செலவா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். "வீட்டை விற்றுப் பார்" என்பதையும் சேர்த்திருக்கலாம். அதில் உள்ள தொல்லை விற்றவர்களுக்குத்தான் தெரியும்.

"என் வீட்டை நான் விற்கிறேன். தரகருக்கு எதற்குக் கூலி?" என்று பலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் தரகு பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்றாலே 60 ஆயிரம் ரூபாய் ஆகிறது. சிறிய தொகை அல்லதான். ஆனால் நல்ல தரகருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது என்பதே என் கருத்து.

ஆசிரியர் பட்ட பாடு

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். தாம்பரம் பக்கத்தில் வீடு. மனைவியின் வைத்தியச் செலவுக்காக அதை விற்க முன்வந்தார். தரகர் வேண்டாம் என்று வாசலில் தாமே பலகை மாட்டினார்.

பார்க்க வந்தவர்களில் ஒருவர், "இந்த மாமரத்தை வெட்டிவிட்டால் கார் நிறுத்தலாம்" என்றார். அது ஆசிரியர் தம் கையால் வைத்த மரம். கோபம் வந்துவிட்டது. வந்தவரை அனுப்பிவிட்டார். இப்படியே ஆறு மாதம் போயிற்று.

கடைசியில் ஒருவர் முன்பணம் கொடுத்தார். அவருடைய வக்கீல் பத்திரங்களைப் பார்த்தார். வீடு இன்னும் காலமான தந்தையின் பெயரிலேயே இருந்தது! உயில் கிடையாது. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. ஆசிரியருக்கு இரண்டு தங்கைகள். வாங்க வந்தவர் பின்வாங்கினார். முன்பணமோ மருத்துவமனையில் கரைந்திருந்தது. கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்தார், பாவம்!

தரகர் செய்தது என்ன?

பிறகுதான் ஒரு தரகர் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்க்கும் முன்பே தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சொத்து வரி ரசீது எல்லாவற்றையும் கேட்டார். வாரிசுச் சான்று வாங்க வைத்தார். அண்ணியின் நிலையை அறிந்த தங்கைகள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். பட்டா மாறியது.

அடுத்து விலை. ஆசிரியர் நினைத்ததைவிட ஐந்து லட்சம் குறைத்துச் சொன்னார் தரகர். அதே தெருவில் அண்மையில் விற்ற வீடுகளின் விலையைக் காட்டினார். ஆசிரியருக்கு வருத்தம்தான், ஆனால் மறுக்க முடியவில்லை. ஆள் பார்க்க வரும்போதெல்லாம், "ஐயா, நீங்கள் கோயிலுக்குப் போய் வாருங்கள்" என்று அவரை அனுப்பிவிடுவார். இரண்டு மாதத்தில் வீடு விற்றது.

வீட்டுக்காரருக்கு அது வாழ்ந்த இடம். வாங்க வருகிறவருக்கு வெறும் கல்லும் மண்ணும். இருவரும் நேருக்கு நேர் பேசினால் வார்த்தை தடிக்கிறது. நடுவில் ஒருவர் இருந்தால் பேரம் படிகிறது.

எச்சரிக்கை தேவை

எல்லாத் தரகரும் இப்படி என்று சொல்லமாட்டேன். உண்மை விலையை மறைத்து, இடையில் லாபம் பார்ப்பவர்களும் உண்டு. 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு பெற்ற திட்டங்களில் மனையோ வீடோ விற்றுக் கொடுக்கும் தரகர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். தனி ஒருவரின் பழைய வீட்டை விற்றுக் கொடுப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே நாம்தான் விசாரிக்க வேண்டும்.

கூலி எவ்வளவு, வாங்குகிறவரிடமும் வாங்குவாரா என்பதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். அசல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள்; நகல் போதும். பவர் பத்திரம் எழுதித் தரவே தராதீர்கள். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே நேராக வரட்டும்.

ஆசிரியர் தரகுக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தார். "முதலிலேயே இவரைக் கூப்பிட்டிருந்தால் கடன் மிஞ்சியிருக்கும்" என்பதுதான் அவருடைய குறை. வீடு விற்க நினைப்பவர்கள் கூலியைக் கணக்குப் பார்க்கும்போது இதையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கட்டும்.