குளிர்ச்சியின் விலை

ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் சென்னை வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூரில் வாடகைக்குக் குடிபோக நினைக்கிறார். கையில் ஒரு கணக்கு நோட்டு. ஏ.சி. வேண்டாம், மின்விசிறி வேண்டாம், மின்சாரத்தில் இவ்வளவு மிச்சம் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது; கோபமும் வந்தது.

கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் அந்த ஊருக்குக் குளிர்ச்சி. வாஸ்தவம். அதை வீட்டுக்காரர் இனாமாகவா கொடுப்பார், ஐயா? வாடகையிலே சேர்த்துத்தான் வாங்குவார். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பவர்களும் அங்கே உண்டு. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீருக்கு ஜனங்கள் அலைந்தார்களே, அந்தச் செலவு நோட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? சென்னை மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர்தான் இது. வெயிலை அளந்தவர் தண்ணீரையும் அளந்திருக்க வேண்டாமா? குடம் தூக்கப் போகிறவரை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

நண்பரின் மனைவியிடம் நான் கேட்டேன். அதுவரை யாரும் கேட்கவில்லை போலும். முப்பது வருஷமாகக் கடன் சொல்லி வாங்கும் கீரைக்காரியும், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் அடுத்த வீட்டுப் பெண்ணும் அந்த ஊரில் என்ன விலை என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

“அதெல்லாம் கணக்கில் வராது” என்றார் நண்பர்.