12800 என்ற இலக்கத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள்

எங்கள் ஊர்ப் பெற்றோருக்கும் என் மாணவர்களுக்கும்,

நேற்று அஸர் தொழுதுவிட்டு வரும்போது ஒரு பெரியவர் என்னை மறித்தார். "சேர், வகுப்பில பிள்ளையளுக்கு கேம் சொல்லிக் குடுக்கிறீங்களாமே?" பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த இடத்தில் நான் வாதாடவில்லை. ஆனால் கதை சோனக தெரு முழுக்கச் சுற்றிவிட்டதால் இங்கே பதில் சொல்கிறேன்.

ஆம், சொல்லிக் கொடுத்தேன். ஏன் என்று கேளுங்கள்.

தரம் 10 மாணவன் ஒருவன் கணினிப் பாடத்துக்குப் புது மவுஸ் கொண்டு வந்தான். பெட்டியில் 12800 டிபிஐ என்று கொட்டை எழுத்து. "இலக்கம் கூடினால் குறி தப்பாது" என்று விற்றவர் சொன்னாராம். வாப்பாவின் ஒரு கிழமை உழைப்பு அதில் போயிருக்கிறது. பிள்ளைக்கோ எக்செல் கட்டத்தில் அம்பை நிறுத்தவே முடியவில்லை. கவுண்டர் ஸ்ட்ரைக்கிலும் தோல்விக்கு மேல் தோல்வி. இப்போது அதைவிட விலை கூடிய மவுஸ் வேண்டுமாம்!

டிபிஐ என்றால் என்ன? மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது கணினிக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பது. அவ்வளவுதான். இலக்கம் கூடினால் அம்பு வேகமாக ஓடும்; உங்கள் கை நிதானமாகிவிடாது. உலகப் போட்டிகளில் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் வைத்திருப்பது 400 அல்லது 800. மலிவான மவுஸ்களிலும் அந்த அளவு இருக்கிறது.

இரண்டாவது பிழை, யூடியூப் பார்த்துக் கொப்பி அடித்தது. ஒரு வீரர் சென்சிட்டிவிட்டி 2 என்றார், இவனும் 2 போட்டான். ஆனால் அவருடைய டிபிஐ 400, இவன் வைத்திருந்தது 3200. இரண்டையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். அவருக்கு 800, இவனுக்கு 6400. எட்டு மடங்கு! அவர் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப மவுஸை 52 சென்ரிமீற்றர் நகர்த்துகிறார். இவன் ஆறரை சென்ரிமீற்றரில் சுற்றிவிடுகிறான். கை ஒரு மில்லிமீற்றர் தவறினால் குறி ஐந்தரைப் பாகை விலகும். பிறகு எப்படிச் சுடுவது?

நான் செய்தது, பிள்ளைகளின் கையில் அடிமட்டத்தைக் கொடுத்ததுதான்.

1. வீட்டு மேசையில் மவுஸ் ஓடுவதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து வரச் சொன்னேன். அவனுக்குக் கிடைத்தது 20 சென்ரிமீற்றர். மிச்சத்தில் விசைப்பலகையும் தங்கையின் புத்தகங்களும்.
2. ஒரே இழுப்பில் பின்னால் திரும்ப வேண்டுமென்றால் அரைச் சுற்று 20இல் அடங்க வேண்டும். அப்படியானால் முழுச் சுற்றுக்கு 40.
3. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் 41,564ஐ அந்த 40ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1040. மவுஸில் 800 வைத்தால் கேமில் 1.3.
4. இரண்டு கிழமைக்கு அதை மாற்றக் கூடாது. ஒவ்வொரு தோல்விக்கும் மாற்றினால் கை எதையும் பழகாது.

விண்டோஸ் மவுஸ் செற்றிங்ஸில் "என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்" என்றொரு பெட்டி வழமையாகச் சரி போட்டே இருக்கும். பெயரில்தான் துல்லியம். ஒரே தூரத்தைக் கை வேகமாக இழுத்தால் அம்பு கூடுதலாகவும், மெதுவாக இழுத்தால் குறைவாகவும் ஓடும். கை பழகும்வரை அதையும் எடுத்துவிடச் சொன்னேன்.

இதில் எது கேம்? நேர்மாறு விகிதசமம், அலகு மாற்றம், அளவீடு. கரும்பலகையில் மூன்று முறை எழுதியும் விளங்காத பிள்ளைக்கு அன்று விளங்கியது.

தொழுகையும் படிப்பும் கெடும் அளவுக்கு விளையாடுவதை நானும் கண்டிக்கிறேன். நேரத்துக்கு எல்லை வையுங்கள், நானும் உங்களோடு நிற்பேன். ஆனால் "வீண் வேலை" என்ற ஒரு சொல்லோடு நாம் எழும்பிப் போய்விட்டால், அந்த இடத்தில் உஸ்தாதாக வந்து உட்காருவது யார்? கடைக்காரரும் யூடியூப்காரரும்தான். திட்டுவது நாம், காசு கொடுப்பதும் நாம், சொல்லிக் கொடுப்பது அவர்கள்.

சங்கக்காரவின் மட்டை என்ன அளவு என்று கேட்டு பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்குவோமா? பிள்ளையை நிறுத்தி, உயரம் பார்த்துத்தானே வாங்குகிறோம். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். பிடிக்கிறதோ இல்லையோ, இது பிள்ளைகளின் உலகத்தில் வந்துவிட்டது. மட்டைக்கு அளவு பார்க்கிற நாம் மவுஸுக்கு மட்டும் கண்ணை மூடிக் காசு கொடுப்பது என்ன நியாயம்?

அடுத்த முறை பிள்ளை புது மவுஸ் கேட்டால் அடிக்கவும் வேண்டாம், உடனே வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். "இப்ப இருக்கிற மவுஸில முழுச் சுற்றுக்கு எத்தனை சென்ரிமீற்றர்?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அடிமட்டத்தோடு என்னிடம் அனுப்புங்கள்.

என்னை மறித்த பெரியவருக்கும் சொல்கிறேன்: உங்கள் பேரனையும் அனுப்புங்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். வஸ்ஸலாம்.