விதையின் பெருமை, நிலத்தின் குற்றம்

போதும்பொண்ணு என்ற பெயர் வருகைப் பதிவேடுகளில் இன்றும் வரத்தான் செய்கிறது. அப்படியொரு மாணவியிடம் பெயர்க்காரணம் கேட்கும் அசட்டுத்தனத்தை ஒருமுறை செய்தேன். “நான் நாலாவது மேடம். பொட்டையாப் பெத்துப் போடுறான்னு அம்மாவ அப்பத்தா ஏசிக்கிட்டே இருக்குமாம். அடுத்ததாவது பையனாப் பொறக்கட்டும்னு வச்ச பேரு” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். வகுப்பும் சிரித்தது.

அந்த அப்பத்தாவுக்குத் தெரியாதது 1905-லேயே அறிவியலுக்குத் தெரியும். அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண், மாவுப்புழு வண்டின் செல்களை ஆராய்ந்து, பிறப்பது ஆணா பெண்ணா என்பது விந்தணு கொண்டுவரும் குரோமோசோமைப் பொறுத்தது என்று கண்டார். மனிதரிலும் அப்படித்தான். கருமுட்டை தருவது எக்ஸ் மட்டுமே. விந்தணுதான் எக்ஸையோ ஒய்யையோ கொண்டுவருகிறது. இது பள்ளிப் பாடம். எழுதி மதிப்பெண் வாங்கிய மாப்பிள்ளைகளும் பெண் பிறந்தால் மனைவியின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

விழிப்புணர்வு போதவில்லை என்பார்கள். நான் ஏற்கமாட்டேன். அறிவியல் தன் கண்டுபிடிப்பையே பழைய கதையின் மொழியில்தான் சொல்லிவந்தது. ஆண் வடிவம் தருகிறான், பெண் வெறும் பொருள் தருகிறாள் என்றார் அரிஸ்டாட்டில். 1694-இல் ஹார்ட்சூக்கர், விந்தணுவின் தலைக்குள் ஒரு குட்டி மனிதன் சுருண்டு கிடப்பதாகவே படம் வரைந்தார். 1991-இல் மானுடவியலாளர் எமிலி மார்ட்டின் அமெரிக்கப் பாடநூல்களைப் புரட்டியபோதும் விந்தணு வீரனாகவும் கருமுட்டை அவனுக்காகக் காத்துக்கிடப்பவளாகவுமே இருந்தன.

உண்மை வேறு. பெண்ணுடலுக்குள் சில மணி நேரம் பக்குவப்பட்ட பிறகே விந்தணுவுக்குக் கருவுறச் செய்யும் திறன் வருகிறது. இது 1951-லேயே தெரிந்துவிட்டது. கருமுட்டையின் மேலுள்ள ஜூனோ என்ற புரதம் இல்லாவிட்டால் விந்தணு அதனோடு இணையவே முடியாது என்பது 2014-இல் தெரிந்தது. ஒன்று நுழைந்ததும் மற்றவற்றுக்குக் கதவடைப்பதும் கருமுட்டையே. இதுவா காத்துக்கிடப்பது?

நம் ஊர்க் கதை விதையும் நிலமும். அதன் தந்திரத்தைக் கவனியுங்கள். பையன் பிறந்தால் விதையின் பெருமை. பெண் பிறந்தாலோ, பிறக்காமலே போனாலோ நிலத்தின் குற்றம். பெருமையைப் பங்கிடும்போது வாய் பேசாத மண்ணாக இருந்தவள், பழி என்றதும் எல்லாவற்றையும் செய்தவளாகிவிடுகிறாள். மலடி என்ற வசவைத் தெருவில் கேட்டிருக்கிறேன். மலடன் என்று யாரும் ஏசிக் கேட்டதில்லை. இந்தக் கதைக்குக் குழந்தைகள் உயிரையே விலையாகக் கொடுத்தார்கள். 1992-இல் அரசு தொட்டில் வைக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் இனி அப்பாவை ஏசலாமா? முற்போக்காளர் பலர் நிற்கும் இடம் இதுதான்: “ஒய் தராதவன் ஆண்தானே!” இதுவும் பெண் பிறப்பைக் குற்றமாக வைத்துக்கொண்டு, குற்றவாளியை மட்டும் மாற்றுகிறது. எந்த விந்தணு சேரும் என்பதை எந்த ஆணும் தீர்மானிப்பதில்லை. அதைவிட முக்கியம், ஒரு மகள் பிறந்ததற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரியராகப் போகும் மாணவிகளே, கரும்பலகையில் எக்ஸ், ஒய் என்று வரைந்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடாதீர்கள். அந்த வகுப்பிலும் ஒரு போதும்பொண்ணு உட்கார்ந்திருப்பாள்.