பால் கொடுத்த நேரத்துக்கு அரைப்பேரா?

ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். சரியான பேச்சு. ஆனால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் "தோட்டத்துத் தாய்மாருக்குச் சொன்னாலும் விளங்காது" என்று கதையை முடிக்கிறார்களே, அதை நாம் ஒத்துக்கொள்ள முடியாது.

விளங்காதது யாருக்கு? தாய்ப்பாலில் நூற்றுக்கு மேற்பட்ட வகைச் சர்க்கரைகள் இருக்கின்றன. பிள்ளையால் அவற்றைச் செரிக்க முடியாது. அவை பிள்ளையின் குடலில் குடியிருக்கும் நல்ல கிருமிகளுக்கான சாப்பாடு. (கிருமி என்றாலே கை கழுவு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லி, நல்ல கிருமியும் உண்டு என்பதை நாமே பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.) பிபிடோபற்றீரியா என்ற அந்தக் கிருமி சர்க்கரையைத் தின்று குடலில் புளிப்பை உண்டாக்குகிறது. புளிப்பு இருக்கும் இடத்தில் வயிற்றோட்டக் கிருமிகள் பெருகுவது கஷ்டம். பால்மா கம்பனிகள் இப்போது அந்தச் சர்க்கரைகளில் சிலவற்றைத் தொழிற்சாலையில் செய்து, மாவில் கலந்து, டின்னில் பெரிதாக எழுதி விற்கின்றன. தாயிடம் காசில்லாமல் கிடைப்பதன் நகலுக்கு இந்த விலை!

தாய் கொடுக்கத் தயார். நேரம் எங்கே? பிள்ளைப்பேற்று விடுமுறை 12 வாரம்; அதிலும் 2 வாரம் பிறப்பதற்கு முன். ஆறு மாதம் என்றால் 26 வாரம். மிச்ச நாளெல்லாம் அவள் மலையில் நிற்கிறாள். பிள்ளைமடுவம் கீழே, கொழுந்து மேலே. இறங்கிப் பால் கொடுத்து ஏறி வந்தால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் சம்பளத்தில் அடுப்பு எரியுமா? போத்தலைப் பிடிக்கும் தாயை நாம் குறை சொல்லமாட்டோம். போத்தலைக் கையில் கொடுத்தது அந்தக் கிலோக் கணக்குத்தான்.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு 9 மணித்தியாலத்துக்குள் இரண்டு இடைவேளை கொடுத்தே ஆக வேண்டும். பிள்ளைமடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். துரைமாரின் தயவில் வருவதல்ல இது.

இடைவேளை கொடுத்துவிட்டு முழு நாள் கிலோவைக் கேட்பது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது. அந்த நேரத்துக்கும், ஏறி இறங்கும் நேரத்துக்கும் உரிய கிலோவைக் கழித்துத்தான் பேர் போட வேண்டும். இதுதான் நமது கோரிக்கை.

கைக்குழந்தை உள்ள தாய்மாரின் பெயர்களையும், யாருக்கு எந்தத் திகதியில் அரைப்பேர் விழுந்தது என்பதையும் மாதர் தலைவிமார் கொப்பியில் எழுதி, இம்மாதக் கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.