இலவசத்தின் விலை

தோட்டத் தொழிலாளர் அறியாமையால் நோயை முற்றவிடுகின்றனர் என்போர் உளர். அன்று, கணக்கறிந்தே முற்றவிடுகின்றனர்! அமெரிக்கக் காப்புறுதிகள் பலவற்றில் மருத்துவச் செலவின் முதற்பகுதியை நோயாளியே சுமக்க வேண்டும். அதன் பின்னரே காப்புறுதி கைகொடுக்கும். நம் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் இல்லை. ஆயினும் முதற்செலவு உண்டு. நுவரெலியா நகருக்கு மருந்தெடுக்க இறங்கிவரும் கொழுந்து பறிக்கும் பெண் அன்றைய 'பேரை' இழக்கிறாள். 2024இல் வர்த்தமானி விதித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதன்மேல் வாகனக் கூலி. ஆகவே காய்ச்சலோடு மலையேறுகிறாள். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் மருத்துவப் பொறுப்பைத் தோட்ட உரிமையாளர்மீது சுமத்தியது. நூறாண்டு கடந்தும் முதற்செலவு அவள் தலையில்! நோயுற்ற நாளுக்கும் சம்பளம் உரிமையாகட்டும். அதன்பின் இலவசம் பற்றிப் பேசுவோம்.