மட்டக்குதிரை வாங்கப் போகிறீர்களா?

சைக்கிள் வாங்குவது எளிது. கடைக்குப் போனால் விலை எழுதி ஒட்டியிருக்கும். பழுது வந்தால் கொண்டுபோய்க் காட்டலாம்.

மட்டக்குதிரை வாங்குவது அப்படியா?

அலைந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவதி தெரியும்! ஒன்று அதிக உயரமாக இருக்கிறது. ஒன்று உதைக்கிறது. ஒன்று நொண்டுகிறது. எல்லாம் பொருந்திய ஒன்றைக் கண்டால், "இது விற்பதற்கு இல்லை" என்கிறார்கள்.

இதில் ஆச்சரியம் இல்லை. குழந்தையை நம்பி ஏற்றக்கூடிய சாதுவான மட்டத்தை யார் விற்பார்கள்? அண்ணன் பிள்ளை ஏறி முடித்தால், தம்பி பிள்ளை ஏறுவான். வெளியே போனாலும் தெரிந்தவர் வீட்டுக்குத்தான் போகும். ஆகவே, சந்தைக்கு வரும் மட்டத்தைப் பார்த்ததும், "இதை ஏன் விற்கிறார்கள்?" என்று முதலில் கேட்கவேண்டும்.

சந்தையில் நடப்பது

ஈரோடு மாவட்டம் அந்தியூரில், ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழா நடக்கும். அப்போது கூடும் குதிரைச் சந்தை பெயர் பெற்றது. குஜராத்தின் காத்தியவார் குதிரை வரும். ராஜஸ்தானத்தின் மார்வார் குதிரையும் வரும். மேளத்துக்கு ஆடும் குதிரையைப் பார்க்கப் பெரும் கூட்டம் நிற்கும்.

பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆடும் குதிரை வேறு. எட்டு வயதுப் பையனைச் சுமக்கும் குதிரை வேறு.

இடையில் தரகர் வருவார். துண்டைப் போட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார். நல்ல தரகரும் உண்டு. ஆனால் வியாபாரம் முடிந்தால்தான் அவருக்குக் கூலி. "இது வேண்டாம், வீட்டுக்குப் போங்கள்" என்று அவர் சொல்வாரா?

வயது என்ன?

கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் குதிரையின் உயரத்தை அளப்பார்கள். அந்த உயரம் சுமார் 58 அங்குலத்துக்குள் இருந்தால் மட்டம் என்பது பொதுவான கணக்கு.

ஆனால், வளராத குட்டியும் உயரம் குறைவாகத்தான் இருக்கும். அதையே மட்டம் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. இந்த ஆண்டு மட்டம். அடுத்த ஆண்டு பெரிய குதிரை!

பல் பொய் சொல்லாது. சுமார் இரண்டரை வயதில் நடுப் பால்பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கும். மூன்றரை வயதில் அடுத்தவை. நான்கரை வயதில் ஓரத்துப் பற்கள். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு பல் தேய்வதைக் கொண்டு வயதைக் கணிப்பார்கள்.

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குவதைத் தாராளமாகப் பார்க்கலாம்!

"குழந்தைக்குக் குட்டிக் குதிரைதான் ஜோடி" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பழகாத பிள்ளைக்குப் பழகிய குதிரை வேண்டும். எட்டு, பத்து வயதான மட்டமே நல்லது. குதிரை 25 ஆண்டுக்கு மேலும் வாழும். பத்து வயது கிழ வயது அல்ல.

சுழியா, காலா?

வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது சுழி. அடுத்தது நிறம். காலைப் பார்ப்பவர்கள் சிலரே.

சுழி என்பது பிறவியிலேயே அமைந்த மயிர்ச் சுற்று. ஒரு குதிரையை இன்னொன்றிலிருந்து அடையாளம் காண அது உதவும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சுழி கடிக்காது, குதிரைதான் கடிக்கும்! நல்ல மட்டத்தைச் சுழிக்காகத் தள்ளிவிட்டு, நொண்டியை நிறத்துக்காக வாங்குவது என்ன நியாயம்?

மணலில் நிற்கும் குதிரையின் நொண்டல் தெரியாது. கெட்டித் தரையில் ஓடவிட்டுப் பாருங்கள். முன்காலில் வலி இருந்தால், அந்தக் காலை ஊன்றும்போது தலையைத் தூக்கும். வலி மருந்து கொடுத்து நொண்டலை மறைப்பதும் உண்டு. ஆகவே சில நாள் இடைவெளி விட்டு மறுபடியும் பாருங்கள்.

குணமும் அப்படியே. பசியாலும் களைப்பாலும் சந்தையில் சாதுவாக நிற்கும். அதன் கொட்டடியிலேயே போய்ப் பாருங்கள். கடிவாளம் மாட்டவிடுகிறதா? குளம்பைத் தூக்கவிடுகிறதா? முதலில் விற்பவரே ஏறி ஓட்டட்டும்.

டாக்டர் சீட்டு வேண்டும்

'கிளாண்டர்ஸ்' என்று ஒரு நோய் உண்டு. குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். உயிருக்கே ஆபத்து. ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம். வெளிப்பார்வைக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

எனவே, குதிரை விற்கும் ஒவ்வொரு சந்தையிலும் கால்நடை டாக்டர் சீட்டு கட்டாயமாகவேண்டும். வயது, உயரம், கால், கண், ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் அதில் இருக்கவேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கட்டும். நேர்மையான வியாபாரிக்கு இதனால் நஷ்டம் இல்லை. அவர் குதிரைக்கு நல்ல விலை கிடைக்கும்.

குதிரைக்கும் இது நன்மை. ஏமாந்தவர் என்ன செய்கிறார்? அதே நொண்டியை அடுத்தவர் தலையில் கட்டுகிறார். அந்த வாயில்லாப் பிராணி கைமாறிக் கைமாறிச் சாகிறது. வேலைக்குத் தகாத பிராணியை வேலை வாங்குவது, 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடைச் சட்டப்படி குற்றம்.

வாங்கிய பிறகும் செலவு உண்டு. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவவேண்டும். ரண ஜன்னி தடுப்பு ஊசி போடவேண்டும். தீனிக்கும் கணக்குப் போடுங்கள். கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். தவறான மட்டத்தை வாங்கியவர் கதையும் அதுதான்.

நல்லது கிடைக்கவில்லை என்றால் வெறுங்கையோடு திரும்புங்கள். வீட்டில் பிள்ளை அழுவான். அழட்டும்! அது ஒரு நாள் அழுகை. கை, கால் ஒடிந்தால் எத்தனை நாள் அழுகை?