பீரோவுல நிக்கிற கோட்டுக்கும் டியூ ஓடும்!

கல்யாணச் செலவு வீடியோவுல நேரம் பத்தாம விட்டுப்போன விஷயம் இது: ரிசப்ஷன் கோட்.

பியர் கார்டின் பேர்ல வர்ற பேனா உங்க சட்டைப் பையிலயே இருக்கலாம். ஆனா அவர் பாரிஸ் ஃபேஷன் டிசைனர். 1947-ல டியோர்கிட்ட வேலை பார்த்தார், 1950-ல தனியா ஆரம்பிச்சார். கோட்டை பேப்பர்ல வரையிறது மட்டுமில்லை, துணியில வெட்டித் தைக்கவும் அவருக்கே தெரியும். பின்னாடி அவர் தன் பேரையே லைசென்ஸுக்கு விட்டு, நூற்றுக்கணக்கான பொருள்கள்ல ராயல்டி வாங்கினார். இந்தியாவுல அந்தப் பேனாவைத் தயாரிக்கிறது ஃப்ளேர் கம்பெனி.

அப்போ, ஒரு பிராண்டட் கோட்டுல மூணு விலை இருக்கு: துணி, தையல், பேரு. முதல் ரெண்டும் உங்க உடம்புக்கு. மூணாவது காலருக்கு உள்ள இருக்கிற லேபிளுக்கு. ரிசப்ஷன் மேடையில அதை யாரும் படிக்கப் போறதில்லை.

நானும் ஏமாந்தவன்தான். 14,000 ரூபாய் கோட், 12 மாச "நோ காஸ்ட்" இஎம்ஐ. நாமக்கல் ஏப்ரல் வெயில்ல போட்டது மூணே மணி நேரம். கழட்டினப்போ சட்டை பிழிஞ்செடுக்கிற மாதிரி இருந்துச்சு. அப்புறம் அது பீரோவை விட்டு வெளிய வரலை. டியூ மட்டும் அடுத்த ஏப்ரல் வரைக்கும் வந்துச்சு.

"நோ காஸ்ட்"னு நம்பாதீங்க. பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல சொல்லிடுச்சு. வட்டி, பிராசஸிங் கட்டணமாவோ கைவிட்டுப்போன தள்ளுபடியாவோ உள்ள ஒளிஞ்சிருக்கும்.

நம்ம ஊர் லாரிக்காரங்களைக் கேளுங்க. வண்டி நின்னாலும் டியூ நிக்காது. அதனால எத்தனை நடை ஓடும்னு கணக்குப் போட்டுட்டுத்தான் வண்டி எடுப்பாங்க. கோட்டுக்கும் அதே கணக்குதான். 14,000 கோட்டை ஒரு தடவை போட்டா, ஒரு நடைக்கு 14,000. வருஷத்துக்கு நாலு தடவை, அஞ்சு வருஷம் போட்டா 700.

என் கருத்து இதுதான்:

* ஒரு நாளுக்கு மட்டும்னா வாடகைக்கு எடுங்க.
* ஆபீஸ் மீட்டிங், இன்டர்வியூன்னு அடிக்கடி தேவைன்னா, துணி எடுத்து, நல்ல டெய்லர்கிட்ட அளவு கொடுத்துத் தைங்க.
* பிராண்டுதான் வேணுமா? தாராளமா வாங்குங்க, ஆனா சேர்த்து வச்ச காசுல.

கல்யாணம் முடிஞ்ச முதல் மாசமே சம்பளத்துல டியூ பிடிக்க ஆரம்பிச்சா, புதுக் குடித்தனத்துக்கு கேஸ் ஸ்டவ் வாங்கவும் கடன்தான்.

உங்க பீரோவுல நிக்கிற கோட் எத்தனை நடை ஓடியிருக்கு? கமெண்ட்ல சொல்லுங்க.